கள்ளிக்குப்பத்துக்கு வந்த விரால் அடிப்பான்

எங்கள் ஆபீஸில் மாதாமாதம் முதல் திங்கட்கிழமை மீட்டிங். மேனேஜர் அதில் தவறாமல் ஒரு கழுகுக் கதை சொல்வார். உங்கள் ஆபீஸிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கழுகுக்கு நாற்பது வயதானதும் அலகு வளைந்துவிடுமாம், நகம் மழுங்கிவிடுமாம். உடனே அது மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தைப் பிடுங்கி, இறகைப் பிய்த்துப் போட்டு, நூற்றைம்பது நாள் தவம் கிடக்குமாம். பிறகு புது அலகு, புது நகம், புது இறகு என்று ஜம்மென்று கிளம்பி இன்னும் முப்பது வருஷம் வாழுமாம்.

"ஸோ... நாமளும் மாறணும்!" என்று முடிப்பார். (அந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது என்று அர்த்தம்.)

கதை அத்தனையும் ரீல் ஸார்! அலகை உடைத்துக்கொண்ட கழுகு நூற்றைம்பது நாள் எதைத் தின்னும்? கொஞ்ச நாளிலேயே அதற்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். காட்டில் வாழும் கழுகு இருபது, முப்பது வருஷம் தாக்குப்பிடித்தாலே சீனியர் சிட்டிஸன். இதை மீட்டிங்கிலேயே எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால், எனக்கும் குடும்பம் இருக்கிறது.

எனக்கு இந்தக் கழுகு ஞானம் வந்தது என் மச்சினனால். அவன் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோ காலில் வந்துவிடுவான்.

"மாமா, எங்க ஊர் ஆத்துல ஈகிள் எல்லாம் திரும்ப வந்துடுச்சு மாமா! ஒரே மரத்துல ஏழு உக்காந்திருக்கு. பாருங்க!"

எங்க ஊர் ஆறு என்று அவன் சொன்னது மிஸிஸிப்பியை! ஆவடியில் பிறந்து, பருத்திப்பட்டு ஏரியில் டவுசரோடு குதித்தவன். ஆறே வருஷத்தில் மிஸிஸிப்பி அவனுக்கு எங்க ஊர் ஆறாகிவிட்டது.

அந்தப் பறவைக்கு அங்கே 'பால்ட் ஈகிள்' என்று பெயர். வழுக்கைக் கழுகு என்று மொழிபெயர்த்தால் தப்பு. தலையில் வெள்ளை வெளேரென்று அடர்த்தியாக இறகு இருக்கிறது. பழைய இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு வெள்ளை என்றும் ஒரு அர்த்தம் உண்டாம். இதை விளக்கும்போது மச்சினன் தன் முன்நெற்றியைத் தடவிக்கொண்டான். அவன் விஷயத்தில் புது அர்த்தமே சரி.

ஆனால், அவன் சொன்னது எங்கள் மேனேஜர் கதை மாதிரி இல்லை. நிஜக் கதை. 1782-லிருந்து அமெரிக்க அரசாங்க முத்திரையில் இருக்கும் பறவை அது. 1963-ல் எண்ணிப் பார்த்தபோது, அலாஸ்காவை விட்டுவிட்டால் அந்தப் பெரிய தேசத்தில் கூடு கட்டியிருந்தது வெறும் 417 ஜோடி! காரணம் டி.டி.டி. பூச்சியைக் கொல்ல அடித்த மருந்து மழையோடு ஆற்றில் இறங்கியது. அங்கிருந்து மீனுக்குள் போனது. மீனைத் தின்ற கழுகின் உடம்பில் சேர்ந்தது. கழுகு சாகவில்லை. முட்டையின் ஓடுதான் மெலிந்துபோனது. அடைகாக்கத் தாய் உட்கார்ந்தால், அவள் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. பெற்றவளே பிள்ளையை நசுக்கும்படி ஆகிவிட்டது, பாருங்கள்!

ரேச்சல் கார்ஸன் என்ற பெண்மணி 1962-ல் இந்த மருந்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கினார். 1972-ல் டி.டி.டி.க்குத் தடை வந்தது. கழுகுகள் மெள்ள மெள்ளத் தலையெடுத்தன. 2007-ல் 'அழியும் ஆபத்து' பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். 2021-ல் வெளிவந்த கணக்குப்படி 71,400 ஜோடிகள்!

இன்னொரு வேடிக்கை. 1782-லிருந்து முத்திரையில் இருக்கும் பறவைக்கு, 'நீதான் தேசியப் பறவை' என்று சட்டப்படி ஆர்டர் வந்தது 2024 டிசம்பரில்தான். ஆகவே, கன்ஃபர்மேஷன் ஆர்டர் லேட்டாகிறது என்று இனி யாரும் புலம்ப வேண்டாம்.

எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டான் மச்சினன்.

"உங்க ஊர்ல என்ன மாமா இருக்கு? கொசுதானே?"

பின்னால் என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. தம்பி ஜோக் அடித்தால் மட்டும் அவளுக்கு உடனே புரிந்துவிடும்.

* * *

எங்கள் ஊர் கள்ளிக்குப்பம். அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கி, செங்குன்றம் போகிற ரோட்டைப் பிடித்து, புதூரைத் தாண்டினால் வந்துவிடும். பெயரை வைத்துப் பார்த்தால் ஒரு காலத்தில் கள்ளிச் செடியும் நாலு குடிசையும் இருந்திருக்க வேண்டும். இப்போது கள்ளியும் இல்லை, குப்பமும் இல்லை. ஹார்டுவேர் கடை, பிரியாணி கடை, 'டூ-லெட்' போர்டு, அபார்ட்மென்ட், அதன் பக்கத்தில் இன்னொரு அபார்ட்மென்ட். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து நாங்களும் மெட்ராஸ்வாசிகள். ஊர்க்காரர்கள், "மெட்ராஸ்ல எங்கே?" என்று கேட்டால் மட்டும், "அண்ணா நகர் பக்கம்" என்று சொல்லிவிடுவோம்.

ஆனால், எங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. புழல் ஏரி! 1876-ல் வெள்ளைக்காரன் காலத்தில் உருவான நீர்த்தேக்கம். நிரம்பினால் 21.20 அடி, 3,300 மில்லியன் கன அடி. மெட்ராஸுக்கே குடிதண்ணீர் கொடுக்கிற ஏரி. ஒரு கரையில் செங்குன்றம் அரிசி மண்டிகள். இன்னொரு பக்கம் ஜெயில். எங்கள் ஏரியைச் சுற்றி வந்தால் சோறும் கிடைக்கும், களியும் கிடைக்கும்! இவ்வளவு பெரிய ஏரி கூப்பிடு தூரத்தில் இருக்க, எங்கள் தெருவில் குடிப்பது என்னவோ கேன் தண்ணீர்தான். அது வேறு கட்டுரை.

அப்பாவும் அம்மாவும் சாயங்காலமானால் அந்த ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவார்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராக இருந்தவர். 1974-ல் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். ரிடையர் ஆன பிறகு அவருடைய ஒரே பொழுதுபோக்கு அந்த நடைதான். அம்மாவுக்கு முட்டிவலி. பாதி தூரம் நடந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அநேகமாக என்னைத் திட்டியிருப்பார்கள்.

2018-ல் அம்மா தவறிப் போனார். அடுத்த வருஷம் ஏரியும் போனது.

2019 கோடை உங்களுக்கு மறந்திருக்காது. பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம், புழல் நான்கும் வறண்டன. விண்வெளியிலிருந்து எடுத்த இரண்டு படங்களை, போன வருஷம் நீலமாக, இந்த வருஷம் மண்ணாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகம் முழுக்கக் காட்டினார்களே, அது எங்கள் புழல் ஏரிதான். கள்ளிக்குப்பத்துக்குக் கிடைத்த ஒரே சர்வதேசப் புகழ். அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்ற ஊர் இது.

அந்தக் கோடையில் ஒருநாள் அப்பா தனியாக ஏரிக்குப் போனார். வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போனது போனதுதான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. மழை வந்தது, ஏரி நிரம்பியது, உபரி நீரைத் திறந்துவிடும் அளவுக்கெல்லாம் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் புயலில் அம்பத்தூரில் போட் விட்டார்கள். அப்பா அசையவில்லை.

அப்புறம் கண்ணில் புரை விழுந்தது. "இருபது நிமிஷ வேலை, எடுத்துடலாம்" என்றார் டாக்டர். மூன்று வருஷமாக அப்பா தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். ஆடி மாசம் ஆகாது, மழைக்காலம் ஆகாது, வெயில் ஆகாது... கடைசியாக ஒருநாள் நான் சத்தம் போட்டபோது, அமைதியாக ஒன்று சொன்னார்.

"இனிமே எதைப் பார்க்கப் போறேன்?"

இதற்கு எந்த மேனேஜரிடம் கதை இருக்கிறது, சொல்லுங்கள்!

* * *

'போனது போனதுதான்' என்பது அப்பாவின் பழைய வசனம். அது முதலில் உதித்த இடம் திருக்கழுக்குன்றம்.

1989-ல் நான் மூன்றாம் வகுப்பு. அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். மேலே வேதகிரீஸ்வரர். அவரை விட எனக்கு முக்கியம், உச்சிவேளையில் வரும் இரண்டு கழுகுகள். காசியில் குளித்து, இங்கே சாப்பிட்டு, ராத்திரி சிதம்பரத்தில் அடங்கும் முனிவர்கள் என்று ஒரு கதை உண்டு. (அந்தக் காலத்திலேயே இவ்வளவு டூர்! டி.ஏ. யார் கொடுத்திருப்பார்கள்?)

பண்டாரம் பாறையில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார். கூட்டமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, பின்னால் இன்னொன்று. அழுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம். தத்தித் தத்தி வந்து தின்றுவிட்டு, அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டு போயின. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். "பார்த்துக்கோடா, நல்லாப் பார்த்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவை மஞ்சள்முகப் பாறுக் கழுகுகள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். தமிழில் கழுகு என்றால் எல்லாமே கழுகுதான். வேட்டையாடுவதும் கழுகு, செத்ததைத் தின்பதும் கழுகு. செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் இரண்டாவது ஜாதிக்குப் பாறு என்று நல்ல பழைய பெயர் இருக்கிறது. நாம்தான் மறந்துவிட்டோம்.

2012-ல், கல்யாணமான புதிதில், மனைவியோடும் அப்பா அம்மாவோடும் மறுபடி போனேன். உச்சி வெயிலில் பாறை மட்டும் இருந்தது. கழுகு வருவது நின்றே பல வருஷமாகிவிட்டது என்றார்கள். "போனது போனதுதான்" என்றார் அப்பா.

அங்கே மட்டுமா போனது? நாடு முழுக்கவே போய்விட்டது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து காரணம். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1992-க்கும் 2007-க்கும் நடுவே வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. அமெரிக்காவில் டி.டி.டி. செய்ததை இங்கே இந்த ஊசி செய்தது. 2004-ல்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

இப்போது கொஞ்சம் நல்ல சேதி. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் நடுவே ஓடும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது, 2023 தொடக்கத்தில் 246. அதே வருஷக் கடைசியில் 320. சின்னக் கணக்குதான். ஆனால், பிளஸ் கணக்கு!

இதை ஒருநாள் அப்பாவிடம் உற்சாகமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது முதுமலையிலப்பா. நம்ம கண்ணுக்கு முன்னால போனது எது திரும்பி வந்துச்சு?"

பதில் தெரியாததால் டி.வி.யைப் போட்டேன்.

* * *

பதில் டீக்கடையில் கிடைத்தது. போன ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். டீ மாஸ்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஏரியில ஒரு பருந்து வருது ஸார். தண்ணிக்குள்ள அப்படியே டமால்னு வுழுது. மீனைத் தூக்கிக்கினு போவுது. மீனு அதுங் காலுக்கடியில, ஏரோப்ளேன் மாதிரி நேரா போவுது ஸார்!"

எனக்கு மச்சினன் ஞாபகம் வந்தது. வீடியோ எடுத்து அனுப்பி அவன் வாயை அடைக்க வேண்டாமா? அதைவிட, அப்பாவைக் கிளப்ப ஒரு சாக்கு கிடைத்ததே!

அவர் என்னோடு வரமாட்டார் என்று தெரியும். ஆகவே ஒன்பது வயது கார்த்தியை இறக்கினேன்.

"தாத்தா, ஸ்கூல்ல ஹோம் வொர்க். தாத்தா கூட ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்து ஒரு பக்கம் எழுதணுமாம்."

அப்படி ஒரு ஹோம் வொர்க் உலகத்தில் எந்த ஸ்கூலிலும் கிடையாது. (பொய் சொல்லக் கற்றுக் கொடுத்ததற்கு மனைவி அன்றைக்கு எனக்கு மட்டும் உப்புமா போட்டாள்.) அப்பா முணுமுணுத்துக்கொண்டே குல்லாவைத் தேடி எடுத்தார்.

ஞாயிறு காலை ஆறரை மணி. நல்ல பனி. கார்த்தி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளம் வரும்போதெல்லாம், "தாத்தா, ஸ்டெப்!" என்றான். அம்மா உட்காரும் கல் அதே இடத்தில் இருந்தது. அப்பா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

ஏழு மணிக்குப் பனி விலகியது. ஏரி என்றால் அது ஏரி! எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கறுப்புக் கறுப்பாக நாமக்கோழிகள் மிதந்தன. நீர்க்காகங்கள் துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. தூரத்தில் ஏழெட்டு கூழைக்கடாக்கள் கல்யாண வீட்டுப் பெரிசுகள் மாதிரி மெதுவாகப் போயின. தலைக்கு மேலே ஒரு செம்பருந்து, அதாவது நம் கருடன், வட்டமிட்டது. பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கார்த்தியும் போட்டுக்கொண்டான், ஏன் என்று கேட்காமல்.

கரையோரம் ஒரு பெரியவர் லாரி டியூபைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். இடுப்பில் வலை, கையில் பை. பைக்குள் ஜிலேபி மீன் துள்ளியது.

"ஐயா, இங்கே ஒரு பருந்து தண்ணியில குதிச்சு மீன் பிடிக்குதாமே?"

"அதுவா? அது பருந்து இல்ல தம்பி. விரால் அடிப்பான்."

என்ன பெயர், பார்த்தீர்களா! உலகத்தில் எத்தனையோ பாஷையில் அதற்குப் பெயர் இருக்கும். அது என்ன உத்தியோகம் பார்க்கிறது என்பதையே பெயராக வைத்தவன் தமிழன்.

"விரால் கிடைக்குதா அதுக்கு?"

"விரால் எங்க கெடைக்குது? எனக்கே கெடைக்கல. எல்லாம் ஜிலேபிதான். இப்ப அது ஜிலேபி அடிப்பான்!" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். "ஐப்பசி, கார்த்திகையில வரும். பங்குனி வெயில் ஏறிச்சுன்னா போயிடும். தோ, அந்தப் பட்ட மரம் தெரியுதா? அதான் அதோட ஆபீஸ்."

"ஏரி வத்திச்சே, அப்போ என்ன பண்ணுச்சு?"

பெரியவர் டியூபைக் கீழே வைத்தார். "அந்த வருசம் எனக்கே பொழப்பு இல்ல தம்பி. கட்டட வேலைக்குப் போனேன். அப்புறம் மழை வந்துச்சு. தண்ணி வந்துச்சுன்னா மீன் வரும். மீன் வந்துச்சுன்னா அது வரும். அது வந்தா நாம வரலாம். அவ்ளோதான் கணக்கு."

அப்பா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "நெசமாவே திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வருசா வருசம் வருது பெரியவரே. நீங்கதான் வர்றதில்ல போல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் நான் கவனிக்கவில்லை, கார்த்திதான் கத்தினான். நீளமான இறக்கை, நடுவில் ஒரு மடிப்பு. கீழ்ப்பக்கம் வெள்ளை. ஏரிக்கு மேலே, பத்து மாடி உயரம் இருக்கும், ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு நின்றது. கீழே எதையோ படிக்கிற மாதிரி குனிந்து பார்த்தது. பிறகு இறக்கையை மடக்கிக்கொண்டு சரிந்தது. தண்ணீருக்குக் கிட்டே வந்ததும் இரண்டு காலையும் முன்னால் நீட்டியது. டமால்! தண்ணீர் சிதறியதில் பறவையே மறைந்துவிட்டது.

ஒன்று... இரண்டு... மூன்று... கார்த்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, செத்துப் போச்சா?"

தண்ணீரை உதறிக்கொண்டு எழும்பியது. காலில் ஒரு மீன் பளபளத்தது. பறந்துகொண்டே மீனைத் திருப்பி, தலை முன்னால் இருக்கும்படி பிடித்தது. காற்று தடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. டீ மாஸ்டர் சொன்ன ஏரோப்ளேன் இதுதான்! வழுக்கும் மீன் நழுவாமல் இருக்க அதன் பாதத்தில் சொரசொரப்பான முள் மாதிரி இருக்குமாம். நான்கு விரலில் ஒன்றைப் பின்னால் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று இடுக்கி போலப் பிடிக்குமாம். அப்பா டர்னர் அல்லவா? இதைச் சொன்னால் ரசிப்பார் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா? எந்தப் பக்கம்?"

"அதோப்பா! பட்ட மரத்துல உக்காருது பாருங்க!"

"ஒரே பனியா இருக்குடா. ஒண்ணும் தெரியல."

பனி விலகி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் பேசவில்லை. கார்த்தி தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 1989-ல் அவர் எனக்குச் சொன்ன மாதிரியே, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். "தாத்தா, அது கண்ணுகிட்ட கறுப்பா கோடு இருக்கு. மை வெச்ச மாதிரி. இப்ப மீனைக் கிழிக்குது தாத்தா... இப்ப நம்மளைப் பார்க்குது..."

* * *

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மச்சினனைக் கூப்பிட்டேன். வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்ப்ரே மாமா! இங்கேயும் இருக்கு" என்றான் கொஞ்சம் இறங்கிய குரலில். உலகத்தில் அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கும் பறவை இது. நம் ஊருக்கு வருகிறவை இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வருகின்றன. டி.டி.டி. இதையும் விட்டுவைக்கவில்லை. மேல்நாட்டு ஆறுகளில் இதன் முட்டைகளும் நொறுங்கின. தடைக்குப் பிறகு இதுவும் திரும்பி வந்தது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. போடுவதை 1989-ல் நிறுத்தினார்கள்.

எனக்குக் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. "மாப்ளே, உங்க தேசியப் பறவை என்ன பண்ணும் தெரியுமா? இந்த விரால் அடிப்பான் கஷ்டப்பட்டு மீன் பிடிச்சுட்டு வரும்போது, நடு வானத்துல மிரட்டிப் பிடுங்கித் தின்னும். நான் சொல்லலை, பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1784-லேயே தன் மகளுக்குக் கடிதத்துல எழுதியிருக்கார், இது ஒழுக்கம் கெட்ட பறவைன்னு!"

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "நெட்வொர்க் சரியில்ல மாமா" என்றான்.

சினிமாவில் கழுகு வரும்போது ஒரு கம்பீரமான அலறல் கேட்குமே, அதுகூட அதன் சொந்தக் குரல் இல்லையாம். வேறு ஒரு பருந்தின் குரலை ஒட்டி வைப்பார்களாம். நிஜக் குரல் கீச்சுக் கீச்சு என்று இருக்கும். இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பெருமை எல்லாம் சரி. ஒரு உறுத்தலும் இருக்கிறது. அன்றைக்குக் கரையிலிருந்து இறங்கும்போது ஓரத்தில் பிளாஸ்டிக் டம்ளரும் பாட்டிலும் கறிக்கடைக் கவரும் ஒதுங்கிக் கிடந்தன. பக்கத்துக் கொரட்டூர் ஏரியில் சாக்கடை கலக்காமல் இருக்க, அந்த ஊர் ஜனங்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. விரால் அடிப்பானுக்குத் தண்ணீரில் மீன் இருந்தால் மட்டும் போதாது. மேலேயிருந்து பார்த்தால் மீன் தெரிய வேண்டும். நாம் கலக்கிவிட்டால் அதற்கும் கண்ணில் புரை விழுந்த மாதிரிதான்.

அன்றைக்கு ராத்திரி. சாப்பிட்டு முடித்து, அப்பா கை கழுவிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அது எப்போ போயிடுமாம்?"

"எதுப்பா?"

"அதான்... காலையில வந்ததே."

"பங்குனியில போயிடும்னார் அந்தப் பெரியவர்."

அப்பா கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தார். அதுவும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

"சரி. அந்த டாக்டர்கிட்ட மாசியில ஒரு தேதி கேளு."

கேட்டேன். மாசி இரண்டாவது வாரம், நிஜமாகவே இருபது நிமிஷ வேலை. பச்சைத் துணி, சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி எல்லாம் முடிந்து, டாக்டர் 'வெளியே போகலாம்' என்று சொன்ன முதல் ஞாயிற்றுக்கிழமை. யாரும் ஹோம் வொர்க் பொய் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கே அப்பா குல்லாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வெயில் அப்போதே உறைக்க ஆரம்பித்திருந்தது. பட்ட மரம் காலியாக இருந்தது. ஒருவேளை கிளம்பிவிட்டதோ என்று எனக்கு அடிவயிற்றில் பிசைந்தது. ஏழரை மணிக்குத் தூரத்தில் பெரிதாக ஒன்று வட்டமிட்டது. எனக்கு உயிர் வந்தது.

"அப்பா, அதோ! விரால் அடிப்பான்!"

அப்பா அண்ணாந்து பார்த்தார். ஒரு செகண்ட்தான்.

"போடா இவனே! வாலைப் பாரு, பிளந்திருக்கு. அது கள்ளப்பருந்து."

சொல்லிவிட்டு, கார்த்தியின் தலையைப் பிடித்து மெதுவாக மறுபக்கம் திருப்பினார். எதிர்க்கரையை ஒட்டி, தண்ணீருக்கு நடுவே நட்டிருந்த ஒரு கம்பத்தின் மேல், எனக்குக் கடுகளவு தெரிந்த ஒரு புள்ளியை நோக்கி விரலை நீட்டினார்.

"அங்க பாரு கண்ணு. கண்ணுகிட்ட மை வெச்சிருக்கு, தெரியுதா? நல்லாப் பார்த்துக்கோ."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் நான்தான் கண் டாக்டரிடம் போகவேண்டும்.